ஒரே இன்ஜின், ஒரே டயர்: மலிவான ரேஸ் காரின் கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

ரேஸ்னு சொன்னதும் நம்ம மனசுல ஓடுறது ஃபெராரி, மொனாக்கோ, ஷாம்பெயின் பாட்டில். இன்னைக்கு நான் பேசப்போற வண்டி அதுக்கு நேர் எதிர் முனையில இருக்கு. வாழ்க்கையில முதல் தடவையா ட்ராக்கில் இறங்குற ஒருத்தர் ஓட்டுற வண்டி. வாங்கக் கட்டுப்படியாகணும். இடிச்சாலும் வீட்டுல நகையை அடகு வைக்காம சரிபண்ண முடியணும். பக்கத்துல ஓடுற வண்டியும் இதே வண்டியா இருக்கணும், அப்பத்தான் ஜெயிச்சது யாருன்னு தெரியும், பணமா ஆளான்னு.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போற ரோட்டுல இண்டூர்னு ஒரு ஊர் இருக்கு. ஒகேனக்கல் போறப்ப பஸ் ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க. நெட்ல தேடினா மத்தியப் பிரதேசத்து இந்தூர்தான் முந்திக்கிட்டு வந்து நிக்கும். இந்த எபிசோட் முழுக்க இண்டூரை ஒரு அளவுகோலா வெச்சுக்கலாம். கோயம்புத்தூர் ட்ராக் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல. சென்னைப் பக்கம் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ட்ராக் இன்னும் தூரம். இண்டூர்ல இருக்கிற ஒரு பையனோ பொண்ணோ ட்ராக் ரேஸ் ஓட்டணும்னா என்ன வழி? கடந்த முப்பது நாற்பது வருஷத்துல அந்த வழி எவ்வளவு திறந்துச்சு, எங்க நின்னு போச்சு? அதைத்தான் பார்க்கப் போறோம்.

சோழவரத்து ஓடுபாதை

தமிழ்நாட்டு மோட்டார் ரேஸ் ஒரு விமான ஓடுபாதையில வளர்ந்தது. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டுல சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. எண்பதுகளின் கடைசி வரைக்கும் சோழவரம்தான் தென்னிந்திய ரேஸின் தலைநகரம்.

அந்தக் காலத்துல இந்தியாவில் கிடைச்ச கார்கள் மூணே மூணு ரகம்னு சொல்லலாம்: அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிநாட்டுல இருந்து ஒரு வண்டி கொண்டுவரணும்னா இறக்குமதி லைசென்ஸ், அதுக்கு மேல வரி. அதனால சோழவரத்துல ரெண்டு உலகம் பக்கத்துப் பக்கத்துல நின்னுச்சு. ஒரு பக்கம், கோண்டல் சமஸ்தானக் குடும்பத்தினர் கொண்டுவந்த சர்டீஸ் ரேஸ் கார். பின்னாடி விஜய் மல்லையா கொண்டுவந்த, எஃப்1-ல் ஓடின என்சைன். இன்னொரு பக்கம், பட்டறையில வெல்டிங் வெச்சு, ஃபியட் இன்ஜினையும் ஹெரால்டு பாகங்களையும் சேர்த்துக் கட்டின வண்டிங்க. அதுங்களுக்கு 'ஸ்பெஷல்'னு பேரு.

இந்த ஸ்பெஷல்களைப் பத்திப் பேசும்போது நமக்கு ஒரு பெருமை வரும், நம்ம மெக்கானிக்குகளோட கைவேலைன்னு. பெருமை நியாயம்தான். ஆனா புதுசா வர்றவருக்கு அது பெரிய தலைவலி. ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரி. ஒண்ணுக்குச் செஞ்ச பாகம் இன்னொண்ணுக்குப் பொருந்தாது. நல்ல மெக்கானிக் கூட இருந்தா நீங்க வேகம், இல்லைன்னா இல்ல. நீங்க தோத்தா, உங்களுக்கு ஓட்டத் தெரியலையா, வண்டி சரியில்லையான்னு கண்டுபிடிக்கவே முடியாது. கத்துக்கிற ஒருத்தருக்கு இதைவிட மோசமான நிலைமை கிடையாது.

ஆயிரம் பவுண்டு விதி

இதே சிக்கல் மற்ற நாடுகளுக்கும் இருந்தது. அமெரிக்காவில் அறுபதுகளின் தொடக்கத்தில் ஃபார்முலா வீ-ன்னு ஒரு வகுப்பு வந்துச்சு. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரோட இன்ஜின், கியர்பாக்ஸ், முன்பக்க அச்சு எல்லாத்தையும் எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்ல போடுறது. பீட்டில் தெருவுக்குத் தெரு நிக்குது, உதிரி பாகம் எங்கேயும் கிடைக்கும்.

இங்கிலாந்துல 1967-ல் ஃபார்முலா ஃபோர்டு. கார்ட்டினா காரோட இன்ஜின். அதைவிட முக்கியம், வண்டியோட விலை 1,000 பவுண்டைத் தாண்டக்கூடாதுன்னு ஆரம்பத்துல ஒரு வரம்பு வெச்சாங்க. அயர்ட்டன் சென்னா 1981-ல் பிரேசில்ல இருந்து இங்கிலாந்து வந்து முதல்ல ஓட்டினது ஃபார்முலா ஃபோர்டு 1600 தான்.

இதுல இருக்கிற சூத்திரம் ரொம்ப எளிமையானது. இன்ஜின்தான் ரேஸ் கார்ல காசு தின்னுற பாகம். அதை நீங்களே செய்யாதீங்க. லட்சக்கணக்குல ஏற்கெனவே தயாராகிற ஒரு சாதா காரோட இன்ஜினை எடுத்துக்கோங்க. அதுல யாரும் கை வைக்கக்கூடாதுன்னு விதி போடுங்க.

இந்தியாவில் இதை ஏன் உடனே செய்யலை? அப்படி ஒரு சாதா கார் நம்மகிட்ட இல்ல. அம்பாசடர் இன்ஜின் கனம். ஃபியட் இன்ஜின் ஐம்பதுகளின் வடிவமைப்பு. அந்த வண்டி வர்றதுக்கு 1983 டிசம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கோவையில் ஒரு கரி

1983 டிசம்பர் 14 அன்னைக்கு மாருதி 800-ன் முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அப்ப அதோட விலை 47,500 ரூபாய். 796 சிசி, மூணு சிலிண்டர், 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. ஆனா சின்னது, லேசானது, சொன்ன பேச்சு கேக்குற இன்ஜின். சில வருஷத்துல நாடு முழுக்க ஓடுச்சு, ஊருக்கு ஊர் மெக்கானிக் உருவாகிட்டாங்க.

கோயம்புத்தூர்ல எஸ். கரிவரதன்னு ஒருத்தர் இருந்தார். ரேஸ் வட்டாரத்துல எல்லாருக்கும் 'கரி'. 1954-ல் பிறந்தவர், பெரிய ஜவுளித் தொழில் குடும்பம். அவரே ரேஸ் ஓட்டுநர், அவரே பொறியாளர். சூப்பர் ஸ்பீட்ஸ்னு ஒரு பட்டறை நடத்தினார். எண்பதுகளின் பிற்பகுதியில் அவர் கொண்டுவந்த வண்டிதான் ஃபார்முலா மாருதி. முழுப் பேரு 'ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி இன்ஜின்', சுருக்கமா ஃபிஸ்மி.

வண்டி எப்படி இருந்துச்சுன்னு கற்பனை பண்ணிக்கோங்க. இரும்புக் குழாய்களை வெல்டு பண்ணின சட்டம். மேல ஃபைபர்கிளாஸ் உடம்பு. ஒருத்தர் மட்டும் உட்கார இடம். முதுகுக்குப் பின்னாடி மாருதி 800 இன்ஜின். நாலு சக்கரமும் வெளியே தெரியும். பார்க்க ஒரு எஃப்1 காரோட சின்னத் தம்பி மாதிரி.

இது கோயம்புத்தூர்ல நடந்ததுக்குக் காரணம் இருக்கு. மில் இயந்திரம், பம்ப்செட், மோட்டார், வார்ப்படம்னு உலோகத்தோட பழகின ஊர் அது. குழாய் வளைக்க, லேத்துல கடைய, அச்சு எடுக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்ல. டிசைன் வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வர வேண்டியதும் இல்ல. ஒரு பாகம் உடைஞ்சா அதே ஊர்ல செஞ்சு போட்டுடலாம்.

வேகம் குறைவான வண்டி கத்துக்கிறவருக்கு நல்லதுங்கிறதுக்கும் ஒரு காரணம் உண்டு. பவர் நிறைய இருக்கிற வண்டியில வளைவுல தப்பு பண்ணினா, நேர் ரோட்டுல ஆக்சிலரேட்டரை மிதிச்சு ஈடுகட்டிடலாம். 40 குதிரைத்திறன் கூட இல்லாத இன்ஜின்ல அது நடக்காது. வளைவுல ஒரு தடவை வேகத்தை இழந்தா திரும்ப ஏத்த ரொம்ப நேரமாகும். அதனால எங்க பிரேக் பிடிக்கணும், எந்தக் கோட்டுல திரும்பணும், எதிராளி காருக்குப் பின்னாடி ஒட்டிப் போய் காத்து எதிர்ப்பை எப்படிக் குறைக்கணும்னு கத்துக்கிட்டே ஆகணும்.

இதே சமயம் ட்ராக்கும் மாறுச்சு. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில நிரந்தர ட்ராக் திறந்தாங்க. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. ஓடுபாதையில ட்ரம் அடுக்கி வளைவு உண்டாக்குற காலம் முடிஞ்சுச்சு. இங்கேதான் கோயம்புத்தூர்ப் பையன் ஒருத்தர் தன் முதல் ரேஸை ஃபார்முலா மாருதியில ஓட்டி, முதல் மூணு பேர்ல ஒருத்தரா மேடை ஏறினார். அவர் பேரு நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டன் அணிக்காக எஃப்1 ஓட்டின முதல் இந்தியர். அடுத்து 2010-ல் எஃப்1 போன சென்னை கருண் சந்தோக்கும் 2000-ல் தொடங்கினது ஃபார்முலா மாருதியிலதான். எஃப்1-க்குப் போன இந்தியர் இதுவரைக்கும் இந்த ரெண்டு பேர்தான். ரெண்டு பேரும் மாருதி 800 இன்ஜின் முதுகுக்குப் பின்னாடி உறுமக் கேட்டுத்தான் தொடங்கினாங்க.

கரிவரதன் அதைப் பார்க்க இல்ல. 1995 ஆகஸ்ட்ல ஒரு சின்ன விமான விபத்துல இறந்துட்டார். வயசு 41. கோயம்புத்தூருக்கு வெளியே செட்டிபாளையத்துல பின்னாடி வந்த ட்ராக்குக்கு அவர் பேரையே வெச்சாங்க: கரி மோட்டார் ஸ்பீட்வே. அவர் தொடங்கினது அவரோட நிக்கல. ரோலான் சங்கிலி செய்யுற கோயம்புத்தூர் எல்ஜிபி நிறுவனம் ஃபார்முலா எல்ஜிபி கார்களைக் கொண்டுவந்துச்சு. இன்ஜின் 1.3 லிட்டர், அதுவும் மாருதி சுஸுகி. அதே சூத்திரம், கொஞ்சம் பெரிய வண்டி.

மலிவு, யாருக்கு?

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துவோம். ஃபார்முலா மாருதி ரேஸை மலிவாக்குச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, அது உண்மை. ஆனா அதுல ஓட்டினவங்க யாருன்னு பாருங்க. நரேனோட அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன், தேசிய ராலி சாம்பியனா இருந்தவர். கரிவரதன் அவருக்கு உறவுக்காரர். கருணோட அப்பா விக்கி சந்தோக் ராலி ஓட்டினவர். தாத்தா இந்து சந்தோக் இந்திய மோட்டார் விளையாட்டு அமைப்பை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர்.

அவங்க திறமையைக் குறைச்சுச் சொல்லல. உலகம் முழுக்க ரேஸ் அப்படித்தான். ஆனா வண்டி விலை குறைஞ்சதும் கதவு எல்லாருக்கும் திறந்துடல. டயர், பெட்ரோல், மெக்கானிக், ட்ராக் வரைக்கும் வண்டியை ஏத்திட்டுப் போற லாரி, ஹெல்மெட், நெருப்பு பிடிக்காத உடை, லைசென்ஸ், எல்லாம் சேரணும். கோடீஸ்வரர் மட்டும் ஓட்டின விளையாட்டுக்குள்ள வசதியான குடும்பத்துப் பிள்ளைங்க வர முடிஞ்சுது. அது பெரிய மாற்றம்தான். இண்டூர் வரைக்கும் அது வரல.

உள்ளங்கையில் ஒரு ட்ராக்

இதே கேள்விக்கு வேற ஒரு பதில் ஜப்பான்ல கிடைச்சுது. வண்டியைப் பத்துல ஒரு பங்கா சுருக்கிட்டா என்ன? ரேடியோ கன்ட்ரோல் கார், சுருக்கமா ஆர்.சி. கார்.

தொடக்கம் இத்தாலியில. ரெஜியோ எமிலியா ஊர்ல எல்-ஜின்னு ஒரு கம்பெனி, 1966-ல் ஃபெராரி 250 எல்எம் காரை 12-ல் ஒரு பங்கு அளவுல பேட்டரியில ஓடுற ஆர்.சி. காரா வித்துச்சு. ஆனா இதை சாதா வீடுகளுக்குக் கொண்டுபோனது ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா. 1976-ல் போர்ஷ் 934 மாதிரியை வெளியிட்டாங்க. அதுக்காக நிறுவனத்தோட ஷுன்சாகு தமியா நிஜமாவே ஒரு போர்ஷ் 911 வாங்கி, அதைப் பிரிச்சு அளந்தார்.

நமக்கு முக்கியமான வண்டி 1984-ல் வந்தது, பேரு கிராஸ்ஹாப்பர். நம்ம வெட்டுக்கிளி. அதோட டிசைனைப் பாருங்க. சட்டம் மொத்தமும் ஒரே பிளாஸ்டிக் தொட்டி. பின்னாடி தனித்தனி சஸ்பென்ஷன் கிடையாது. கியர்பாக்ஸும் அச்சும் சேர்ந்து ஒண்ணா மேலேயும் கீழேயும் ஆடும். சின்ன 380 மோட்டார். அதே வருஷம் அதே தொட்டியில 540 மோட்டார் போட்டு ஹார்னெட்னு வேகமான இன்னொரு வண்டியும் விட்டாங்க.

இதுல கணக்கு என்னன்னா, பிளாஸ்டிக் அச்சு செய்யத்தான் செலவு. அச்சு தயாரான பிறகு ஒவ்வொரு தொட்டிக்கும் ஆகுற செலவு சொற்பம். அப்ப ஒரே அச்சுல எத்தனை வண்டி அடிக்க முடியுதோ அத்தனை லாபம், வாங்குறவருக்கும் அத்தனை மலிவு. கரிவரதன் வழியும் தமியா வழியும் இங்கதான் பிரியுது. கரி செஞ்சது கொஞ்சம் வண்டி. அதனால விலை உயர்ந்த பாகத்தை மாருதிகிட்ட இருந்து கடன் வாங்கினார். தமியா செஞ்சது ஏராளமான வண்டி. அதனால எல்லாத்தையும் தாங்களே அச்சுல வார்த்தாங்க.

கிராஸ்ஹாப்பர் மண்ணுல ஓடுற வண்டி. ட்ராக்குக்கு அதே குடும்பத்துல வந்தது 2013-ன் டிடி-02. அதுவும் பிளாஸ்டிக் தொட்டிதான். நாலு சக்கரத்துக்கும் ஒரு தண்டு வழியா பவர் போகும். பால் பேரிங்குக்குப் பதில் சாதா புஷ். எண்ணெய் ஊத்தின டேம்பருக்குப் பதில் உராய்வுல வேலை செய்யுற எளிய டேம்பர். வேணும்னா பின்னாடி ஒவ்வொண்ணா மாத்திக்கலாம். பல நாட்டு கிளப்புகள்ல இந்த மாதிரி ஒரே வண்டிக்குத் தனி வகுப்பு இருக்கு: ஒரே மோட்டார், ஒரே டயர், ஒரே கியர் விகிதம்.

இதுலயும் ஏமாத்து வேலை வரும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் மோட்டார்னாலும் பத்து வாங்கினா அதுல ஒண்ணு கொஞ்சம் வேகமா சுத்தும். காசு இருக்கிறவர் பத்து வாங்கி, நல்லதை வெச்சுக்கிட்டு மீதியைத் தூக்கிப் போட்டுடுவார். அதனால சில ரேஸ்கள்ல மோட்டாரை நடத்துறவங்களே கொடுப்பாங்க. குலுக்கல்ல யாருக்கு எது வருதோ அது. மலிவான வண்டி செய்யுறது பாதி வேலை. அதை மலிவாவே வெச்சிருக்க ஒரு கறாரான விதிப்புத்தகமும், அதை அமல்படுத்துற ஒருத்தரும் வேணும்.

அப்ப இண்டூர்ல?

நம்ம ஊர்ல ஆர்.சி. கார் வாங்கினா ஏன் விலை கடிக்குது? இறக்குமதிக் கணக்குல இந்த மாதிரி மாடல் வண்டிகள் பொம்மை. 2020 பட்ஜெட்டில் பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆச்சு. 2023-ல் 70. உள்ளூர் பொம்மைத் தொழிலைக் காப்பாத்தணும்ங்கிற நோக்கம் புரியுது. ஆனா ஆர்.சி. ட்ராக் காரைப் பொறுத்தவரை சோழவரம் காலத்து நிலைமைக்கே திரும்பிட்டோம்: வசதி இருக்கிறவர் இறக்குமதி வண்டி, இல்லாதவர் கையில கிடைச்சதை ஒட்டிக் கட்டின ஸ்பெஷல்.

அப்ப கரிவரதன் கேட்ட கேள்வியை நாமளும் கேக்கலாம். இன்னைக்கு இந்தியாவில் மூலைக்கு மூலை கிடைக்கிற, ஏற்கெனவே ஏராளமா புழங்குற பாகம் எது?

ட்ரோன், ரோபாட்டிக்ஸ் ப்ராஜெக்ட் பண்ற மாணவர்களால ஒரு சந்தையே உருவாகியிருக்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு, இல்லைன்னா ஆன்லைன்: சர்வோ, மோட்டார், லித்தியம் பேட்டரி, ரிசீவர் எல்லாம் கிடைக்குது. ரேடியோ சிக்கலும் தீர்ந்துருச்சு. முன்னாடி ரெண்டு வண்டி ஒரே அலைவரிசை கிரிஸ்டல்ல ஓடினா ஒருத்தர் ஸ்டியரிங் இன்னொருத்தர் வண்டியைத் திருப்பும். இப்ப 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுங்க தங்களுக்குள்ள மோதிக்காம பார்த்துக்குது. அந்த அலைவரிசையை, குறைஞ்ச பவர்ல, லைசென்ஸ் இல்லாமப் பயன்படுத்த 2005-லேயே இந்திய அரசு அனுமதி கொடுத்துடுச்சு.

மீதி இருக்கிறது சட்டமும் சஸ்பென்ஷன் கைகளும். அச்சு செய்யப் பணம் இல்ல, சரி. 3டி பிரின்டர் இருக்கு. அதுல செஞ்ச பாகம் அடுக்கு அடுக்கா இருக்கும், அடுக்குக்கு நடுவுல இடி விழுந்தா பிளந்துடும். அதனால மொத்த வண்டியையும் பிரின்ட் பண்ணக்கூடாது. அடித்தட்டை ஃபைபர்கிளாஸ் தகட்டுல வெட்டலாம். முன்னாடி ஒரு ஃபோம் பம்பர். சஸ்பென்ஷன் கையை மட்டும் பிரின்ட் பண்ணி, வேணும்னே அதை வண்டியிலேயே பலவீனமான பாகமா வெச்சுடலாம். இடிச்சா அது மட்டும் உடையும், விலை கூடின சர்வோவும் மோட்டாரும் தப்பிச்சுடும். உடைஞ்சதை ராத்திரி பிரின்ட்ல போட்டுட்டுத் தூங்கினா காலையில தயார்.

இந்த மாதிரி சிந்தனை நம்ம கல்லூரிகளுக்குப் புதுசில்ல. மாணவர்கள் கட்டின வண்டிகளுக்கான பாஹா போட்டி 2007-ல் பீதம்பூர்ல தொடங்குச்சு. அது அந்த இன்னொரு இந்தூருக்குப் பக்கத்துல. அங்கேயும் எல்லா அணிக்கும் ஒரே இன்ஜின்தான், அதுல கை வைக்கக்கூடாது. ஃபார்முலா பாரத் போட்டி கரி மோட்டார் ஸ்பீட்வேலயே நடந்திருக்கு. இண்டூர்ல இருந்து கொஞ்ச தூரத்துல, தருமபுரி செட்டிக்கரையில ஒரு அரசு பொறியியல் கல்லூரி இருக்கு. ஒரு பத்து மாணவர்கள் ஒரே டிசைன்ல பத்து ஆர்.சி. கார் செய்யுறதுக்கு, ஒரு பாஹா வண்டிக்கு ஆகுற செலவு ஆகாது. அப்பா ராலி சாம்பியனா இருக்கணும்னும் இல்ல.

ட்ராக்குக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. வெளிநாட்டு கிளப்புகள் நிறைய, வாடகைக்கு எடுத்த ஹால்ல கார்ப்பெட் விரிச்சு, ஓரத்துல தடுப்பு வெச்சு ஓட்டுறாங்க. ராத்திரி சுருட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. நம்ம பக்கம் எந்தச் சின்ன ஊர்லயும் ஒரு கல்யாண மண்டபம் இருக்கு. ஆடி மாசம் முழுக்க முகூர்த்தம் இல்லாம அது சும்மாத்தான் கிடக்கும். கரண்ட் இருக்கு, தரை சமமா இருக்கு, கார்ப்பெட் வாடகைக்குக் கிடைக்குது, நூறு பேர் உட்கார்ந்து பார்க்க நாற்காலியும் இருக்கு.

உங்க ஊர்ல யாராவது இதை ஏற்கெனவே பண்ணிட்டு இருந்தா எங்களுக்கு எழுதுங்க. என்ன மோட்டார், என்ன விதின்னு சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.